சாமி நிற்க வைத்த சுவர்

வீடு இருந்த இடத்தில் ஒரே ஒரு சுவர் நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் ஐந்து மொட்டைத் தலைகள். ஐந்திலும் சந்தனம். காலை வெயில் அந்தத் தலைகளில் பட்டு அடித்ததில், சென்னையிலிருந்து வந்திருந்த சரிபார்ப்பு அதிகாரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையிலிருந்த டேப்லெட்டையும் ஆட்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இதுல யாரு தணிகாசலம்?"

"ஆங்" என்றது ஒரு மொட்டை.

"யாரு வேலு?"

"ஆங்" என்றது பக்கத்து மொட்டை. அதன் கையில் நாலு மாசக் குழந்தை. அதுவும் மொட்டை. மிச்ச இரண்டும் தணிகாசலத்தின் பிள்ளைகள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மேடம், போட்டோவில ரெண்டு பேருக்கும் முடி இருக்கு. ஒருத்தருக்கு இவ்ளோ பெரிய மீசை. இங்க பார்த்தா ரெண்டும் ஒரே ஆள் மாதிரி இருக்கு. ஒரே ஆளு ரெண்டு வீட்டுக்கு மனு போட்டிருக்கானா?"

என் போதாத காலம், கே.ஜி.கண்டிகை தாண்டி இருக்கிற அந்தக் கிராமத்துக்கு அப்போது நான்தான் வி.ஏ.ஓ. ஊர்ப்பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

"அண்ணன் தம்பி சார். முருகனுக்கு வேண்டுதல்" என்றேன்.

"வேண்டுதல் எல்லாம் சாஃப்ட்வேருக்குத் தெரியாது மேடம்."

அப்போது ஜெபராஜ் முன்னால் வந்தார். ஜெபராஜ் எங்கள் தலையாரி. கிராம உதவியாளர் என்று அரசாங்கம் பெயரை மாற்றி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. ஊருக்கு அவர் தலையாரிதான். வெள்ளைக்காரப் பாதிரியார் காலத்திலேயே வேதத்துக்கு வந்த குடும்பம். ஆனால் எந்தக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையில் எவ்வளவு கூட்டம் என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.

"சார், ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல நிக்கச் சொல்லுங்க. எவன் மூஞ்சியத் திருப்பிக்கிறானோ அவன் அண்ணன்."

நிற்க வைத்தோம். இடது பக்கத்து மொட்டை மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. அதிகாரி தணிகாசலம் என்று குறித்துக்கொண்டார்.

பிறகுதான் வினையே. சுவரைக் காட்டி, "இது யார் வீட்டுச் சுவர்?" என்று கேட்டார்.

மூன்று வருஷமாக அந்த ஒரு கேள்விக்காக என் உயிரை வாங்கினவர்கள் இந்த இரண்டு பேரும். அன்றைக்கு இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

மலை ஊரில் படகு

கொஞ்சம் பின்னால் போகிறேன். இல்லாவிட்டால் உங்களுக்குப் புரியாது.

திருத்தணியில் கடல் கிடையாது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் ரயில் பிடித்து சென்னை போக வேண்டும். ஆனால் வங்காள விரிகுடாவில் ஒரு காற்று சுழன்றால் போதும், என் செல்போன் சுழல ஆரம்பித்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு அறிக்கை. முகாமில் எத்தனை பேர், எத்தனை மாடு, எத்தனை ஆடு, விழுந்த மரம், சாய்ந்த கம்பம். கடைசிக் கட்டத்தில் 'சேதமடைந்த மீன்பிடிப் படகுகள்'.

முதல் தடவை அதைக் காலியாக விட்டுவிட்டேன். அரை மணியில் போன்.

"படகுக் கட்டம் காலியா இருக்கே மேடம்?"

"எங்க ஊர்ல படகு இல்லீங்க சார்."

"இல்லைன்னா 'இல்லை'ன்னு போடணும். காலியா விட்டா நீங்க பார்க்கலைன்னு அர்த்தம்."

அவர் சொன்னதும் நியாயம்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு மூன்று மணி நேரத்துக்கும் மழையில் நனைந்துகொண்டு 'படகுகள்: இல்லை' என்று எழுதினேன். ஜெபராஜ் தாங்க முடியாமல், "மேடம், சரவணப் பொய்கைத் தெப்பத்தையாவது போட்டுடட்டுமா?" என்றார். சும்மா இருங்க என்றேன்.

அரசாங்க வேலையில் இப்படிப் பட்டுப் பட்டுத்தான் புத்தி வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் திருவாலங்காட்டுப் பக்கம் ஒரு காற்று மழைக்குக் கரும்பு சாய்ந்துவிட்டது. வரப்பு வரப்பாக நடந்து, சேற்றில் ஒரு செருப்பைப் பறிகொடுத்து, சாய்ந்த கரும்பையெல்லாம் எழுதிக் கொடுத்தேன். மேலே இருந்து சரிபார்க்க வந்தவர் சாவகாசமாக வந்தார். அதற்குள் வெயில் அடித்து, படுத்த கரும்பு நுனியை நிமிர்த்திக்கொண்டு எழுந்துவிட்டது. கரும்பு ஏன் எழுந்தது என்று விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. நான் என்னத்தைச் சொல்ல? பதில் எழுத இரண்டு நாள் லீவு போட்டேன்.

ஒரு ஆணி

தணிகாசலமும் வேலுவும் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு குடித்தனம். அவர்கள் அப்பா கட்டிய நீள மண் வீடு. கூரை ஓலை. அவர் கண் மூடியதும் நடுவில் இருந்த சுவரை எல்லையாக வைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொண்டார்கள். சுவர் யாருக்கு என்று மட்டும் பேசவில்லை.

வேலு கல்யாணமான புதிதில், நடுச்சுவரில் தன் பக்கம் ஒரு ஆணி அடித்தார். முருகன் படம் மாட்ட. அந்த அதிர்வில் அண்ணன் பக்கம் சுவர் மண் உதிர்ந்து, அண்ணி கோமளா அடுப்பில் வைத்திருந்த கருவாட்டுக் குழம்பில் விழுந்தது.

குழம்பு போனதோடு பேச்சும் போனது.

தணிகாசலம் என்னிடம் மூன்று மனு கொடுத்தார். மூன்றும் அட்சரம் பிசகாமல் ஒன்றுதான். மனுவை மேஜையில் வைத்துவிட்டு வாயாலும் ஒப்பிப்பார்: "சுவரு என்னுதுங்க மேடம். எங்க நைனா எனக்கு உட்டுட்டுப் போனது. இவன் ஒரு ஆணி அடிக்கக்கூட உரிமை கெடையாது. எழுதிக்கோங்க."

பின்னாலேயே வேலு வருவார். "அண்ணன் சொல்றது பொய்யிங்க மேடம். நைனா எனக்குத்தான் சொன்னாரு."

மூன்றாவது மனுவில் எனக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு பேரையும் உட்கார வைத்து, 'நடுச்சுவர் இருவருக்கும் பொது' என்று எழுதி, கையெழுத்து வாங்கினேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய் மறுபடியும் சண்டை போட்டார்கள்.

சுவர் தன்னுடையது என்று காட்ட ஆளாளுக்கு ஒரு வழி. பொங்கலுக்குப் பொங்கல் அண்ணன் தன் பக்கம் மண் குழைத்துப் பூசுவார். அதைப் பார்த்துத் தம்பி தன் பக்கம் ஒரு கை கூடுதலாகப் பூசுவார். அடுத்த வருஷம் அண்ணன் இரண்டு கை கூடுதல். வெளிச்சுவர்களை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அஞ்சாம் கிளாஸும் ரெண்டாம் கிளாஸும்

அந்தப் புயலுக்கு என்னவோ ஒரு பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. ஆட்டோவில் மைக் கட்டி, பள்ளிக்கூட முகாமுக்கு வாருங்கள் என்று தெருத் தெருவாகக் கத்தினேன். 'காத்துதான மேடம், வந்தா வரட்டும்' என்று டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு பதில் சொன்னார்கள்.

வேலு வந்துவிட்டார். அவர் மனைவி செல்வி கையில் பச்சைக் குழந்தை. செல்விக்குத் தாய்வீடு என்று ஒன்று கிடையாது. அத்தை ஒருத்தி வளர்த்துக் கட்டிக் கொடுத்தாள், அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தணிகாசலம் வரமாட்டேன் என்றார்.

"ஏங்க? ஓலை ஊடு. காத்து தூக்கிகினு போயிடும்" என்றார் ஜெபராஜ்.

"அவன் கீற எடத்துக்கு நான் வரமாட்டேன்."

கடைசியில் அண்ணனுக்கு அஞ்சாம் கிளாஸ், தம்பிக்கு ரெண்டாம் கிளாஸ் என்று பிரித்துக் கொடுத்தேன். சாம்பார் வாளி முதலில் ரெண்டாம் கிளாஸுக்குப் போனதற்கு அண்ணன் என்னிடம் கோபித்துக்கொண்டார். இவர் பெரியவராம். அதற்கப்புறம் ஒரு வேளை அங்கே, ஒரு வேளை இங்கே என்று முறை வைத்தேன். புயல் நிவாரணம் என்றால் பேப்பரில் படகு, ஹெலிகாப்டர் எல்லாம் காட்டுகிறார்கள். என்னுடையது இந்த வாளிதான்.

வேண்டுதல்

காற்று ஓய்ந்து போய்ப் பார்த்தால், கூரை இரண்டு வயல் தாண்டிக் கிடந்தது. வெளிச்சுவர்கள் கரைந்து குப்பலாகிவிட்டன. நடுச்சுவர் மட்டும் அசையாமல் நின்றது. அதில் அந்த ஆணி. ஆணியில் முருகன்.

செல்வி அழுதாள். கோமளாவும் அழுதாள், கொஞ்சம் தள்ளி நின்று. ஆண்கள் இரண்டு பேரும் சுவரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். விதிப்படி நான் சுவரோடு சேர்த்து அவர்களைப் போட்டோ எடுத்து ஏற்றினேன்.

அடுத்த நாள் இருவரும் மலைக்குப் போய் மொட்டை அடித்துக்கொண்டு வந்தார்கள். தனித்தனியாகத்தான். ஆனால் முடி இறக்குகிற இடத்தில் பக்கத்துப் பக்கத்து ஆளிடம் மாட்டிக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்களாம். கோமளா சொன்னாள்.

என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று விசாரித்தேன். அஞ்சாம் கிளாஸில் அண்ணன் வேண்டியது: "முருகா, அந்தச் சுவரு மட்டும் நிக்கணும். விழுந்தா எல்லை போயிடும், தம்பிக்காரன் நவத்திக் கட்டிப்பான்." ரெண்டாம் கிளாஸில் தம்பி வேண்டியதும் அதேதான், அண்ணன்காரன் என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

வீடு நிற்கட்டும் என்று கேட்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. முருகன் கேட்டதைக் கொடுத்துவிட்டார்.

ஜெபராஜ் மட்டும் என் காதருகே வந்து, "சாமி மேல பாரத்தைப் போடாதீங்க மேடம். வருசா வருசம் போட்டி போட்டுப் பூசினதுல சுவரு ரெண்டு மடங்காயிடுச்சி" என்றார்.

விதி

உத்தரவு வந்தது. வீடு முழுச் சேதம் என்றால் அரசாங்கமே புது கான்கிரீட் வீடு கட்டிக் கொடுக்கும்; அது முடிகிற வரை சமுதாயக் கூடத்தில் தங்கலாம். பகுதிச் சேதம் என்றால் கூரைக்கு ஏதோ கொஞ்சம் உதவி, அதோடு சரி. ஒரு சுவர் நின்றாலும் அது பகுதிச் சேதம்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். சுவர் பொது என்று நானே எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன். பொது என்றால் இரண்டு வீட்டுக்கும் ஒரு சுவர் நிற்கிறது. இரண்டு வீடும் பகுதிச் சேதம். சுவர் ஒருத்தருடையது என்றால் மற்றவருக்காவது முழு வீடு கிடைக்கும். திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். அண்ணன் குடும்பமாவது கனகம்மாசத்திரத்தில் மாமியார் வீட்டுக்குப் போய்விடும். கைக்குழந்தையோடு செல்வி எங்கே போவாள்?

அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. பொய்யில்லை.

"ஒரு கடப்பாரை போதும் மேடம். நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க" என்றார் ஜெபராஜ்.

"போட்டோ ஏத்தியாச்சு ஜெபராஜ். நேரம், இடம் எல்லாம் அதுல இருக்கு."

போட்டோ இல்லாவிட்டாலும் நடந்திருக்காது. வேலுவிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன். சந்தனத் தலையைத் தடவிக்கொண்டு என்னைப் பாவம் பிடித்தவளைப் பார்ப்பது போலப் பார்த்தார். "சாமி நிக்க வச்ச சுவருங்க மேடம். முடிய வேற குடுத்துட்டு வந்துட்டோம்."

எழுதிக்கோங்க

இப்போது அந்தக் காலை வெயிலுக்குத் திரும்பலாம்.

"யார் சுவர்னு கேட்டேன்" என்றார் அதிகாரி.

வேலுதான் முதலில் வாயைத் திறந்தார். "அண்ணனுதுங்க சார்."

மூன்று வருஷம் கழித்து வேலு வாயிலிருந்து அந்த வார்த்தை. எனக்குக் காது சரியாகக் கேட்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது.

தணிகாசலம் சட்டென்று திரும்பினார். "இன்னாது? தம்பிதுங்க சார். படம் பாருங்க, அவன் பக்கம்தான் மாட்டிக்கீது. ஆணி அவன் அடிச்சது."

"நைனா அண்ணனுக்குத்தான் குடுத்தாரு."

"இல்லீங்க. சின்னவன்னு அவனுக்குக் குடுத்தாரு."

மனு கொடுத்தபோது என்னென்ன ஆதாரம் சொன்னார்களோ, அத்தனையையும் ஒருத்தர் பக்கத்திலிருந்து இன்னொருத்தர் பக்கம் தூக்கிப் போட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கிற இடமில்லையே என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "யாருதும் இல்லைன்னா அரசாங்கத்துதா? மேடம், இந்தச் சுவரைப் பத்தி உங்க கிட்ட ஏதாவது ரெக்கார்டு இருக்கா?"

என் தோள்பையில் இருந்தது. இரண்டு கையெழுத்தோடு, என் முத்திரையோடு. ஜெபராஜ் என் பையைப் பார்த்தார். நான் ஜெபராஜைப் பார்த்தேன்.

"தேடிப் பார்க்கணும் சார்" என்றேன்.

முப்பது வருஷ சர்வீஸில் இப்படி ஒரு பொய் சொன்னதில்லை. ரிட்டயர் ஆகிவிட்டேன் என்ற தைரியத்தில்தான் இப்போது எழுதுகிறேன்.

"அப்ப பொதுச் சுவர்னு போட்டுடறேன். ரெண்டும் பகுதி" என்று அதிகாரி விரலைத் தூக்கினார்.

அந்த நேரம் பார்த்து வேலு கையிலிருந்த குழந்தை வீறிட்டது. மொட்டைத் தலையில் வெயில். செல்வி ஓடி வந்து வாங்கி, நிழல் தேடினாள். வீடு இருந்தால்தானே நிழல் இருக்கும்? இருந்தது அந்தச் சுவர் ஒன்றுதான். அதன் அடியில், அண்ணன் பக்கத்து நிழலில் போய்ச் சுருண்டு உட்கார்ந்தாள். சட்டென்று நினைவு வந்து, எழுந்திருக்கலாமா என்று கோமளாவைப் பார்த்தாள். கோமளா புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது.

தணிகாசலம் நேராகச் சுவரிடம் போனார். உள்ளங்கையால் அதில் ஓங்கி ஒரு தட்டு. கொஞ்சம் மண் உதிர்ந்தது.

"சுவரு என்னுதுதான் சார். எங்க நைனா எனக்கு உட்டுட்டுப் போனது. இவன் ஒரு ஆணி அடிக்கக்கூட உரிமை கெடையாது. எழுதிக்கோங்க."

அதே வார்த்தை. அதே குரல். மூன்று மனுவில் நான் கேட்டு அலுத்துப்போனது. ஆனால் அன்றைக்கு அதைக் கேட்டதும் தோள்பையை முந்தானைக்குள் இழுத்து மறைத்துக்கொண்டேன்.

"அண்ணா" என்று வேலு ஏதோ சொல்ல வந்தார்.

"சும்மா கெடடா. பெரியவங்க பேசிகினு இருக்கும்போது."

அதிகாரி எழுதிக்கொண்டார். தணிகாசலம், பகுதிச் சேதம். வேலு, முழுச் சேதம். கிளம்பும்போது என்னிடம், "அந்தப் பெரியவர் சரியான பிடிவாதக்காரர் மேடம். வாயை மூடிக்கிட்டு இருந்திருந்தா அவருக்கு ஏதாவது வழி பண்ணியிருக்கலாம். சுவருக்கு ஆசைப்பட்டு வீட்டை விட்டுட்டார்" என்றார்.

ஆமாம் சார் என்றேன். வேறென்ன சொல்ல.

கடைசி அறிக்கை

வேலுவின் வீடு எழும்பியது. அரசாங்க வீட்டுக்கு அதற்கென்று தனியாக நாலு சுவர் வேண்டுமாம். நடுச்சுவரை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளிக் கட்டினார்கள். தணிகாசலம் தன் சுவரோடு மூன்று மண் சுவரைச் சேர்த்து, மேலே தகரம் போட்டுக்கொண்டார். பேச்சு வார்த்தை பழையபடிதான். சொல்லப்போனால் இப்போது வேலு முழுசாகக் கட்டிய வீட்டுக்காரன் என்பதால் அண்ணனுக்கு முறைப்பு ஒரு பிடி ஜாஸ்தி.

நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் இன்னொரு புயல் சின்னம். மறுபடியும் ஆட்டோ, மைக், படிவம். மத்தியானமே காற்று கிளம்பிவிட்டது. தணிகாசலத்தின் தகரக் கதவு பூட்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் பார்த்தேன், அஞ்சாம் கிளாஸ் காலி. கனகம்மாசத்திரத்து மாமியார் வீட்டுக்கு போன் போட்டேன், அங்கேயும் வரவில்லை.

"மேடம், இங்க வாங்க" என்று ஜெபராஜ் வேலு வீட்டு வாசலிலிருந்து கூப்பிட்டார்.

உள்ளே கூடத்தின் நடுவில் தணிகாசலம் சம்மணம் போட்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். முதுகு எந்தச் சுவரிலும் படக்கூடாது என்று சபதம் எடுத்த மாதிரி. நனைந்த சட்டையைக் கழற்றிக் கையிலேயே வைத்திருந்தார். அடுப்படியில் கோமளாவும் செல்வியும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வேலு ஒரு சுத்தியலும் ஆணியும் எடுத்து வந்து அண்ணன் முன்னால் வைத்தார்.

"இன்னாடா இது?"

"சட்டைய எங்க மாட்டுவ? எந்தச் சுவருல ஓணுமோ அடிச்சிக்கோ."

தணிகாசலம் சுத்தியலை எடுத்தார். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்களைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"புதுச் சுவருடா. உதிரும்."

"உதிரட்டும்ணா."

நான் உள்ளே போகவில்லை. வாசலில் நின்றே அந்த வேளை அறிக்கையை முடித்தேன். அந்த வீட்டிலிருந்து முகாமுக்கு வந்தவர்கள்: இல்லை. பகுதிச் சேதத்து வீட்டிலிருந்து வந்தவர்கள்: இல்லை. படகுகள்: இல்லை. உள்ளே டங் டங்கென்று ஆணி இறங்கிக்கொண்டிருந்தது. அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை.